வாசற்படிகள் காத்த ஊர்

முன்னொரு காலத்தில் நெடுங்காவல் என்ற சின்ன மலையூரைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசு, ஆனால் மூக்குக்கு மேல் கோபம். ஒரு சமயம் மங்கோலியக் குதிரைப்படை வந்து அவன் ஊரை வளைத்துக்கொண்டது. கவண்கல் பட்டுக் கிழக்கு மதில் சரிந்து, தேர் நுழைகிற அளவுக்கு வழி திறந்துவிட்டது.

"மந்திரியாரே, பொழுது சாய்வதற்குள் அந்த வழியை அடைத்துவிடும்! இல்லையேல் உம் தலை தப்பாது!" என்று குதித்தான் ராஜா.

"கல்லும் இல்லை, ஆளும் இல்லை. மந்திரியார் வாயாலேயே அடைத்துவிடுவார் மகாராஜா!" என்று சிரித்தார் தளவாய் செண்டலங்காரர். அவருக்கு மந்திரி வெண்காடரைக் கண்டாலே ஆகாது.

வெண்காடருக்கோ இளமைக்காலம் ஞாபகம் வந்தது. குதிரை வியாபாரிகளோடு வடக்கே போய், இதே மங்கோலிய ஜனங்களின் கம்பளிக் கூடாரத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கியவர் அவர். குதிரைப்பால், பாட்டு, அடுப்பைச் சுற்றி ஓயாத சிரிப்பு. எவ்வளவு நல்ல நாட்கள்! ஒருநாள் அவர் தெரியாமல் கூடார வாசற்படியை மிதிக்கப்போக, வீட்டுக்கார அம்மாள் பதறிப்போய் இழுத்துக்கொண்டாள். படியை மிதிப்பது வீட்டுக்காரன் கழுத்தை மிதிப்பதாம். மிதித்தவன் உயிரோடு திரும்பமாட்டானாம். அந்த அம்மாளின் பிள்ளைகள்தான் இப்போது வெளியே வில்லோடு நிற்கிறார்களோ என்று நினைக்க அவருக்கு நெஞ்சு கனத்தது.

"மகாராஜா, ஊரிலுள்ள வாசற்படிகளையெல்லாம் பெயர்த்துத் தரச்சொல்லுங்கள்," என்றார்.

பெண்கள் அழுதார்கள். மஞ்சள் பூசிக் கும்பிட்ட படியல்லவா? ஆனாலும் கொடுத்தார்கள். அரண்மனைப் படியும் வந்தது. தளவாய் மட்டும், "லட்சுமி குடியிருக்கிற படி, தரமாட்டேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இடிந்த இடத்தில் படிகளோடு பெயர்ந்துவந்த, மாவிலைத் தோரணம் கட்டிய வாசல் நிலைகளை நிறுத்தி, பின்னால் படிகளை நெருக்கிப் பரப்பினார்கள். தாண்டவும் முடியாது, மிதிக்காமல் நடக்கவும் முடியாது. பாய்ந்துவந்த வீரர்கள் அதைப் பார்த்ததும் கடிவாளத்தை இழுத்து நின்றுவிட்டார்கள்.

"படிகளை எடுங்கள்!" என்று கத்தினான் படைத்தலைவன்.

வெண்காடர் அவர்கள் பாஷையிலேயே பதில் சொன்னார். "விருந்தாளி என்றால் நாங்களே எடுத்து வழிவிடுவோம் ஐயா. பகையாளி என்றால் மிதித்துக்கொண்டு வாருங்கள். யார் கழுத்திலிருந்து தொடங்குகிறீர்கள்?"

ஒருவனும் குதிரையை ஓரடிகூட முன்னே விடவில்லை. குதிரைகளுக்கு மேய்ச்சலும் தீர்ந்துபோயிருந்ததால் படை மூட்டைகட்டிக்கொண்டு கிளம்பிற்று.

ராஜா வெண்காடரைக் கட்டிக்கொண்டு, தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். பிறகு தளவாயைப் பார்த்தான்.

"ஊரில் படியுள்ள வீடு இப்போது உம்முடையது ஒன்றுதான். இனி எந்தப் புதுப்பெண்ணும் முதலில் உம் படியைத்தான் தாண்டவேண்டும். ஆரத்தியும் நீர்தான் எடுக்கவேண்டும்!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த கல்யாணத்திலேயே தளவாய் மீசை துடிக்க ஆரத்தித் தட்டைப் பிடித்தார்.

கொஞ்ச காலத்தில் எல்லா வீட்டுக்கும் புதுப்படி வந்துவிட்டது. ஆனாலும் முகூர்த்த நாளென்றால் செண்டலங்காரர் ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருப்பாராம். கல்யாண வீட்டார் அவர் மனம் நோகக்கூடாதென்று, ஊரைச் சுற்றிக்கொண்டாவது அந்தத் தெரு வழியாகவே பெண்ணை அழைத்துவருவார்களாம்.