நடையழகரின் பாதுகைக்கு ரப்பர் ஒட்டியவர்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. பின்னால் நிற்கிறவர்களும் முன்னே வந்து உட்காருங்கள். என் குரல் இப்போதெல்லாம் தூரம் போவதில்லை. பெருமாளின் கால் நோகக் கூடாது என்று நினைத்து ஊராரின் பழிச்சொல்லுக்கு ஆளான ஒரு புண்ணியவானின் கதையைச் சொல்கிறேன்.

ஆற்றங்கரையில் ஓர் ஊர். அங்கே பெருமாளுக்கு நடையழகர் என்று பெயர். கோயிலுக்குப் போகும் தெருவில், கோர்ட்டுக் கச்சேரி மதிலோரம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பார் பொன்னுரங்கம். வக்கீல்மார் புதிதாகத் தோல் ஷூ வாங்கினால், காலில் போடும் முன்னால் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். தோல் அடி மெழுகு மாதிரி வழவழவென்று இருக்கும். நம் ஊர்க் கருங்கல் தரையில் நாலு நாள் நடந்தால் தேய்ந்து போகும். அவர் அந்த அடியை உப்புத்தாளால் சுரசுரப்பாக்கி, பசை தடவி, மெல்லிய ரப்பர் வெட்டி ஒட்டித் தருவார். அப்புறம் தேய்கிறது ரப்பர்தான், தோல் பிழைத்துக்கொள்ளும்.

அந்தப் பசையில் ஒரு சங்கதி உண்டு. தடவியதும் ஒட்டக் கூடாது. விரலில் பிசுக்காத பதத்துக்குக் காய வேண்டும். அது காய்கிற நேரம்தான் பொன்னுரங்கத்துக்குப் பூசை நேரம். கண்ணை மூடி "நடையழகா, நடையழகா" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

"என்ன ரங்கம், பசை காயுதா, பக்தி காயுதா?" என்பார் சாரங்கபாணி வக்கீல்.

"ரெண்டும்தாங்க எசமான். அவசரப்பட்டா ரெண்டுமே ஒட்டாது" என்று சிரிப்பார் இவர்.

அந்தக் காலத்தில் அவரைப் போன்றவர்களைக் கோயிலுக்குள் விட மாட்டார்கள். அந்தப் பாவத்தை நாம் இங்கே பேசி முடியாது. வைகாசி உற்சவத்தில் பெருமாள் புறப்பாடாகித் தெருவில் வருவாரே, அப்போது பார்ப்பதுதான் பொன்னுரங்கத்துக்கு வருஷத்துக்கு ஒரே தரிசனம். அதை வைத்துக்கொண்டு மறு வைகாசி வரை உயிரோடு இருப்பார்.

அந்த உற்சவத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெருமாள் திருவடியின் முன்னே புதிதாக ஒரு சோடித் தோல் பாதுகை வைப்பார்கள். போன வருஷத்துச் சோடியை வாசலுக்குக் கொண்டு வந்து, அடியைத் திருப்பி ஊருக்குக் காட்டுவார்கள். கட்டைவிரல் படும் இடமும் குதிகால் படும் இடமும் தேய்ந்திருக்கும். 'நம்ம சாமி ஊரைச் சுற்றிக் காவல் காத்திருக்கிறார்' என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதன் பிறகுதான் புறப்பாடு.

ஒரு வருஷம், வந்த புதுப் பாதுகையில் வார் பிய்ந்திருந்தது. கோயில் ஆள் அதைத் தூக்கிக்கொண்டு பொன்னுரங்கத்திடம் ஓடி வந்தான். அவர் இரண்டு கையாலும் வாங்கி, வாரைத் தைத்தார். அடியைத் திருப்பிப் பார்த்ததும் மனசு தாங்கவில்லை. வக்கீல் காலுக்கே கல் உறுத்தக் கூடாது என்று ரப்பர் ஒட்டுகிறோம், ஊரெல்லாம் நடக்கிற சாமிக்கு வெறும் தோலா? இருந்ததிலேயே நல்ல ரப்பரை எடுத்து, நுனியிலிருந்து குதிகால் வரை முழு அடிக்கும் ஒட்டினார். வெற்றிலை மென்றுகொண்டிருந்த கோயில் ஆள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மறு வைகாசி வந்தது. கோயிலில் பூசை செய்யும் பட்டர் பாதுகையைத் திருப்பினார். கறுப்பு ரப்பர், ஒட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. ஒரு கீறல் இல்லை.

கூட்டத்தில் யாரோ, "பெருமாள் நடக்கவே இல்லை" என்றார்கள். விசாரித்ததில், ரப்பர் ஒட்டியது பொன்னுரங்கம் என்பது வெளியே வந்தது.

"ஏண்டா, பெருமாளும் கோர்ட்டுக்கு வர்றார்னு நெனச்சுட்டியா?" என்றார் சாரங்கபாணி வக்கீல். இந்தத் தடவை அது வேடிக்கைப் பேச்சு இல்லை.

பெருமாள் நடக்காத வருஷம் புறப்பாடு கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். புறப்பாடு பார்க்க வந்த ஜனமெல்லாம் பொன்னுரங்கத்தைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போனது. அதன் பிறகு ஒருவரும் அவரிடம் ஷூ கொண்டு வரவில்லை.

அவர் மனைவி அலமேலுவுக்குப் பொறுக்கவில்லை.

"ஆசையா ஒட்டுனது ஒரு குத்தமாய்யா?"

"ஒட்டுனது குத்தமில்ல அலமு. என் கை வாடை சாமிக்குப் புடிக்கல போலருக்கு. அதான் காலை வைக்கல."

அலமேலு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனாலும் பாருங்கள், அவர் தினமும் மதிலோரம் போய் உட்கார்ந்தார். வேலை இல்லை. ஒரு தோல் துண்டில் பசையைத் தடவி வைத்துக்கொண்டு, அது காய்கிற வரை "நடையழகா" என்றார். சாமிக்குத் தம்மைப் பிடிக்காவிட்டாலும் அவர் தம் சாமிதானே!

ஒரு நாள் உச்சிப்பொழுதில் வயதான பட்டரே தட்டில் பாதுகையோடு வந்து நின்றார். பின்னால் பாதி ஊர்.

"இந்த ரப்பரோட பாதுகையைக் கோயில்ல வைக்கக் கூடாதுங்கறாங்க. நீ ஒட்டினதை நீயே எடுத்துடப்பா. எங்களுக்குக் கிழிக்கத்தான் தெரியும்."

பொன்னுரங்கம் கையைக் கழுவிக்கொண்டு கத்தி முனையை ஓரத்தில் கொடுத்தார். ரப்பர் அசையவில்லை. மறுபடி கொடுத்தார். கண்ணீர் பாதுகைமேல் விழுந்தது.

"நல்லா ஒட்டித் தொலைச்சுட்டேனே சாமி... வரமாட்டேங்குதே... நான் என்ன பண்ணுவேன்?" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஓர் இழுப்பு இழுத்தார். ரப்பர் முழுசாகப் பிரிந்து வந்தது.

உள்ளிருந்து ஆற்று மணல் பொலபொலவென்று அவர் மடியில் கொட்டியது.

பட்டர் குனிந்தார். ரப்பருக்கு உள்ளே, காற்றும் புக வழியில்லாத இடத்தில், தோல் தேய்ந்திருந்தது. கட்டைவிரல் பட்ட குழி, குதிகால் பட்ட குழி, எந்த வருஷமும் இல்லாத அளவுக்கு ஆழமாக. பெருமாள் ஊரெல்லாம் நடந்துதான் இருக்கிறார். தம் அடியார் ஆசையாய் ஒட்டியது தேயக் கூடாது என்று, தேய்மானத்தை உள்பக்கமாகவே வாங்கிக்கொண்டிருக்கிறார்!

பட்டர், "உன் கைப்பட்டதுன்னா பெருமாளுக்கு இவ்வளவு பிரியமா! அவர் காலைக் காப்பாத்த நீ நெனச்சே, உன் ரப்பரை அவர் காப்பாத்திட்டார்" என்று சொல்லி, அந்தப் பாதுகைகளை எடுத்துப் பொன்னுரங்கத்தின் தலையில் வைத்தார். கோயிலுக்குள் பெருமாளின் திருவடியாகச் சடாரியைத் தலையில் சாதிக்கிற மாதிரி, நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க. பொன்னுரங்கம் மடியில் இருந்த மணலை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்; ஒரு பொடி கூடச் சிந்த விடவில்லை.

அன்று மாலையே புறப்பாடு. மதிலோரம் வந்ததும் பல்லக்குத் தானாக நின்றது. எவ்வளவு நேரம் என்கிறீர்களா? ஒரு பசை காய்கிற நேரம்.

சாமியின் கால் நோகுமே என்று தவித்த அந்த நெஞ்சைவிடப் பெரிய கோயில் ஏது கண்ணுகளா! உங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்படுகிற கால்கள் எல்லாம், கல்லும் முள்ளும் படாமல், விளக்கு வைக்கும் முன் வாசலுக்குத் திரும்பி வரட்டும். உங்கள் வாசலில் கழற்றி வைத்த சோடிகள் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.