பதினொரு வெயில் துண்டுகள்

மேகங்கள் வந்து கிளைகளில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகும் ஒரு மலைக்காட்டில், மருதி என்றொரு மலையணில் இருந்தாள். செம்பழுப்பு உடம்பு, உடம்பைவிட நீளமான வால். வேலை என்று உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டையே மறந்துவிடுவாள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த வருஷம் ஐப்பசிக் காற்று அவள் கூட்டைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அவளுக்கு ஒரு குட்டி பிறந்திருந்தது. உடம்பில் ஒரு முடி இல்லை. கண் திறக்கவில்லை. அதை வாயில் கவ்விக்கொண்டு வந்து, ஒரு பலாமரத்தின் கவட்டையில் மருதி ஒண்டிக்கொண்டாள்.

குழந்தைகளே, மலைக் குளிர் உங்கள் ஊர்க் குளிர் மாதிரி இல்லை. ஐப்பசியில் நடுங்க மட்டும் வைக்கும். மார்கழியில் சின்ன உயிர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடும். திறந்த கவட்டையில் கிடந்தால் குட்டி மார்கழியைத் தாண்டாது என்று மருதிக்குத் தெரியும்.

காட்டின் நடுவே ஒரு நாவல்மரம். அதில் ஒரு பொந்து. காற்று நுழையாது, மழை எட்டிப் பார்க்காது, காலையின் முதல் வெயில் நேராக உள்ளே வந்து உட்காரும். அந்தப் பொந்துக்காக ஒரு காலத்தில் பெரிய அடிதடியே நடந்திருக்கிறது. கடித்துக் கடித்து அலுத்துப்போன பிறகு, மிருகங்களும் பறவைகளும் கூடி ஒரு போட்டி வைத்துக்கொண்டார்கள். மார்கழிக்கு முந்தின நாள் போர்வைப் போட்டி. தன் கையாலோ அலகாலோ தைத்த போர்வையை யாரும் கொண்டுவரலாம். ஜெயித்தவருக்குக் குளிர்காலம் முடியும்வரை பொந்து சொந்தம்.

நடுவர் யார் என்றால், தேவாங்கு. எல்லோரும் அவரைத் தேவாங்கார் என்றே மரியாதையாகச் சொல்வார்கள். பகலெல்லாம் தூங்குவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் என்பதால்தான் அவரை நடுவராக்கினார்கள். கேலி செய்யவில்லை, நிஜமாகவே அதுதான் காரணம். போர்வையைத் தைத்தவர் அவர் காதருகே வந்து, அது எதிலிருந்து பிறந்தது என்று சொல்லவேண்டும். பிறகு அவர் அதைப் போர்த்திக்கொண்டு தூங்குவார். எழுந்ததும் கண்ட கனவை அப்படியே சொல்வார். தூக்கமும் நன்றாக இருக்க வேண்டும், சொன்னதும் கனவும் சேரவும் வேண்டும். அப்போதுதான் பரிசு.

மருதி தைக்க உட்கார்ந்தாள். அத்திமரப் பட்டையை மென்று மென்று துணிபோல மெத்தென்று ஆக்கினாள். பங்குனியில் ஒரு பாறை இடுக்கில் சேர்த்துவைத்த இலவம்பஞ்சை இரண்டு பட்டைத்துணிக்கு நடுவே பரப்பினாள். முள்ளம்பன்றியிடம் ஒரு முள்ளை இரவல் வாங்கி, கற்றாழை நாரைக் கோத்தாள்.

என்ன உருவம் தைப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. அது அவள் கண்ணெதிரே தினமும் நடந்துகொண்டிருந்தது. மழை விட்ட நாட்களில், இலைகளின் இடுக்கு வழியே வெயில் துண்டு துண்டாகக் கிளையில் விழும். கண் திறக்காத குட்டி, அந்தச் சூட்டை எப்படியோ மோப்பம் பிடித்துத் தவழ்ந்து போய் அதில் படுத்துத் தூங்கும். சற்று நேரத்தில் வெயில் நகர்ந்துவிடும். குட்டி சிணுங்கி எழுந்து, மறுபடியும் தேடிக்கொண்டு தவழும். காலையிலிருந்து சாயங்காலம்வரை பதினொரு முறை.

மருதி காட்டு மஞ்சள் கிழங்கைக் கடித்து, அதன் சாற்றில் பதினொரு துண்டுகளை நனைத்தாள். பாசி நிறப் போர்வையில், வெயில் எங்கெங்கே விழுந்ததோ அங்கங்கே ஒவ்வொன்றாக ஒட்டித் தைத்தாள். காலையின் துண்டு நீளமாக, உச்சியின் துண்டு உருண்டையாக, சாயங்காலத் துண்டு சாய்ந்தபடி. இனி என் பிள்ளை எங்கேயும் தவழ்ந்து போகவேண்டாம் என்று ஒவ்வொரு தையலிலும் நினைத்துக்கொண்டாள். நினைக்கும்போது அவளுக்கே கண் சொருகியது.

போட்டிக்கு முந்தின நாள் சொக்கன் வந்தான். சொக்கன் ஒரு மைனா. வாயை வாடகைக்கு விட்டால் பத்துக் காட்டுக்குப் போதும். அவனுடைய பொந்தைக் கிளிகள் பிடித்துக்கொண்டதால், அவனுக்கும் மார்கழியை நினைத்தால் கிலிதான்.

போர்வையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வேலைப்பாடு பிரமாதம் அக்கா. இது எதிலிருந்து பிறந்துச்சுன்னு சொல்லப்போறே?" என்று கேட்டான்.

மருதி திக்கித் திணறி, வெயில் துண்டைப் பற்றிச் சொன்னாள்.

"வெயிலா? அது எல்லார் தலையிலேயும்தான் விழுது," என்றான் சொக்கன். போன வருஷம் ஜெயித்த மரநாய் வானவில்லைச் சொன்னானாம். அதற்கு முந்தின வருஷம் ஜெயித்த கீரி, மேகத்தின் மேல் நடந்ததாகச் சொன்னானாம். பெரிசாகச் சொன்னால்தான் எடுபடும் என்றான். மரநாய் அருவிக்குப் பக்கத்தில் வானவில்லைப் பார்த்துக்கொண்டே தூங்கி வளர்ந்தவன், கீரி மேகம் படியும் மலையுச்சியில் நடந்து திரிந்தவன் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

"ஆனா கனவுல உண்மை தெரிஞ்சிடுமே?" என்றாள் மருதி.

"தூங்கப் போறவங்க காதுல கடைசியா எது விழுதோ, அதுதான் கனவா வரும். இது பதினொரு நிலா. நிலா ஒவ்வொண்ணா இறங்கி வந்து உன்கிட்ட தைக்கச் சொல்லிச்சு. நீளமா இருக்கறது தேய்பிறை. நான் சொல்லித் தர்ற மாதிரி சொல்லு. உனக்குக் கிடைக்கறதுல பாதி எனக்கு. பொந்துல ஒரு ஓரம் போதும்."

மருதி குட்டியைப் பார்த்தாள். அது மூக்கை ஆட்டியபடி எதையோ தேடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வெயிலே வரவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

மறுநாள் நாவல்மரத்தடியில் காடே கூடியது. குட்டியைக் கன்னத்தோடு அணைத்துக்கொண்டு மருதி ஓர் ஓரமாக உட்கார்ந்தாள்.

முதலில் தூக்கணாங்குருவி வந்தான். காட்டோரத்து வயலைப் பார்த்துப் பின்னியது என்றான். தேவாங்கார் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினார். கண்ணிமைக்கும் நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து எழுந்தார். கனவில் வயல் வந்ததாம். வயற்காரர் தகரத்தைத் தட்டிக்கொண்டு அவரைத் துரத்தவும் செய்தாராம். குருவி சொன்னது உண்மைதான், ஆனால் அந்த உண்மையில் யாரால் தூங்க முடியும்?

அடுத்து மயில். கார்மேகத்தைப் பார்த்துத் தைத்தேன் என்றான். தேவாங்கார் தூங்கி எழுந்து, மேகத்தைக் காணோம், மயில்தான் வந்தது, முன்னால் ஒரு மயில், பின்னால் ஒரு மயில், மரமெல்லாம் மயில் என்றார். காடு சிரித்தது. மயிலுக்கு மட்டும் அதில் என்ன தப்பு என்று புரியவில்லை.

பிறகு மருதியின் முறை வந்தது. குட்டியை முள்ளம்பன்றியின் மடியருகே பத்திரமாக விட்டுவிட்டு, அவள் தேவாங்காரின் காதருகே போனாள். சொக்கன் சொல்லிக்கொடுத்த நிலாக்கதையை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். ஒப்பிக்கும்போதே, அது யாரோ ஒருத்தியின் போர்வை போல இருந்தது.

தேவாங்கார் போர்வைக்குள் புகுந்து, காலையின் நீளத் துண்டுக்கு அடியில் சுருண்டுகொண்டார்.

மலைமேலிருந்து மூடுபனி இறங்கி வந்தது. கிளைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. சத்தங்கள் பஞ்சுக்குள் போனது போல அமுங்கிப்போயின. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே கண்கள் கனத்தன. மான்குட்டி நின்றபடியே தூங்கியது.

அப்போது போர்வைக்குள் இருந்த மேடு மெல்ல நகர்ந்தது.

ஓரடி எடுத்துவைக்க ஒரு நாழிகை யோசிக்கிற தேவாங்கார், தூக்கத்திலேயே தவழ்ந்து இரண்டாவது மஞ்சள் துண்டுக்கு அடியில் போய்ச் சுருண்டார். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவதற்குப் போனார். ஒரு சிணுங்கல், ஒரு தவழல், ஒரு பெருமூச்சு. காடு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. மருதிக்கு மட்டும் நடப்பது இன்னதென்று தெரிந்தது.

பதினோராவது துண்டுக்கு வந்ததும் அவர் நகரவே இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் தலையை வெளியே நீட்டினார். அந்தப் பெரிய கண்கள் ஈரமாக இருந்தன.

"நிலாவைக் காணோம்மா," என்றார். "எனக்குக் கண்ணே திறக்கல. உடம்புல முடி இல்ல. குளிருச்சு. ஏதோ ஓரிடத்துல மட்டும் சூடு இருந்துச்சு. தவழ்ந்து போய்ப் படுத்தேன். தூங்கினதும் அது நகர்ந்துபோச்சு. மறுபடியும் தேடிப் போனேன். நாள் முழுக்க இதே பாடு. ஆனா கடைசியில ஒண்ணு நடந்துச்சு. நான் விட்டுட்டு வந்த சூடெல்லாம் அங்கங்கேயே இருந்துச்சு. எதுவுமே போகல. அதுக்கப்புறம் நான் எங்கேயும் போகவேண்டியதா இல்ல."

அவர் போர்வையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா தூங்கறேன், இப்படித் தூங்கினதில்ல. ஆனா நீ சொன்னதும் நான் கண்டதும் சேரலையே. ஏம்மா?"

மருதி சொக்கனைப் பார்த்தாள். சொக்கன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் யார்மீதும் பழி போடாமல், கூடு பிய்ந்ததையும், கவட்டையையும், குட்டி வெயிலைத் துரத்திக்கொண்டு தவழ்ந்ததையும் சொல்லி முடித்தாள். இந்த முறை நாக்கு எங்கும் ஒட்டிக்கொள்ளவில்லை.

"வெயில் துண்டுன்னு சொன்னா சிரிப்பீங்கன்னு பயந்துட்டேன் ஐயா."

யாரும் சிரிக்கவில்லை.

"விதி விதிதான்," என்றார் தேவாங்கார். "பொய் சொன்னவங்களுக்குப் பொந்து கிடையாது."

அவர் எதையும் மெதுவாகச் செய்பவர் அல்லவா? அடுத்த வார்த்தைக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் மருதி செத்துப் பிழைத்தாள்.

"ஆனா, இந்தக் குளிர் யாரோடது? தவழ்ந்து தேடினது யாரு?"

"என் குட்டி, ஐயா."

"அப்ப போர்வை பிறந்தது அவன்கிட்டேயிருந்து. அவன் ஏதாவது பொய் சொன்னானா?"

"அவனுக்கு இன்னும் பேச்சே வரலையே ஐயா."

"அப்ப பரிசு அவனுக்கு," என்று சொல்லிவிட்டு, விட்ட தூக்கத்தைத் தொடரத் தேவாங்கார் மெல்ல மரமேறினார்.

சொக்கன் பறந்து வந்து மருதியின் முன்னால் நின்றான். பேசினது பேசினபடி, கிடைத்ததில் பாதி வேண்டும் என்றான்.

"தாராளமா எடுத்துக்கோ தம்பி," என்றாள் மருதி. "எனக்கு ஒண்ணும் கிடைக்கல. அதுல பாதி உனக்குத்தான்."

இப்போது காடு சிரித்தது. சொக்கன் வந்த வேகத்திலேயே பறந்துபோனான்.

மருதி குட்டியைக் கவ்விக்கொண்டு பொந்துக்கு ஏறினாள். உள்ளே படுக்கவைத்து, போர்வையைப் போர்த்திவிட்டாள். பிறகு சட்டென்று நினைவு வந்தவளாக வெளியே வந்து வாசலில் நின்றாள். பொந்து அவளுடையது இல்லையே. வெளியே மூடுபனி மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் வால் நுனி நடுங்கியது.

"ராசா, அம்மா உள்ளே வரலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

போர்வைக்குள் இருந்த சின்ன மேடு நகர்ந்து, ஓரமாக இடம் விட்டது.

நீதி: அன்பில் பிறந்த வேலைக்குப் பொய்யான பெருமை வேண்டாம்; அது பிறந்த கதையை உள்ளபடி சொன்னாலே போதும்.