பெயர் நீக்கம்

ஜெயசீலிக்குக் கண் தெரியாது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த கந்தவேலுவுக்குக் கண் நன்றாகத் தெரியும், கம்ப்யூட்டர்தான் தெரியாது. மின்கம்பம் ஏறி இறங்கியே வேலைக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்ற மனிதர். வயதில் குருவைவிட ரொம்ப மூத்தவர். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். ஜெயசீலி அவரை "சார்" என்பார். இப்படி மாற்றி மாற்றி மரியாதை கொடுத்தே அவர்களுக்குப் பாதிப் பொழுது போய்விடும்.

அது பார்வையற்ற மாணவர்களுக்கான ஒலி நூலகம். விருப்பமுள்ளவர்கள் வந்து பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். பதிவெல்லாம் ஒரு சர்வரில் இருக்கும். எங்கெங்கோ ஹாஸ்டல்களில் இருக்கும் பிள்ளைகள் அதைப் போனில் கேட்டுப் படிப்பார்கள். சர்வர் ஜெயசீலியின் பொறுப்பு. திரையில் வரும் எழுத்தை ஒரு மென்பொருள் அவர் காதில் படபடவென்று வாசிக்கும். அந்த வேகத்தில் வேறு யாருக்கும் ஒரு சொல்கூடப் பிடிபடாது.

கந்தவேலுவின் மனைவி தமயந்தி அங்கே பல வருஷம் வாசித்தவர். போன ஆடியில் காலமானார். வீட்டில் அவர் குரலைப் பதிந்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. அடுக்களையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற ஒருத்தியின் குரலை யார் பதிந்து வைப்பார்கள்?

கூடமாட உதவி செய்யத்தான் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கந்தவேலு நூலகத்துக்கு வந்தார். உண்மையில் அவர் வந்தது சர்வரில் தமயந்தி என்று இருந்த ஃபோல்டருக்காக. காலையில் வந்ததும் அதைத் திறந்து கொஞ்ச நேரம் கேட்பார். பெரும்பாலும் பொருளாதாரப் பாடம். பணவீக்கத்தைப் பற்றிக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்ட மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மழைக்காலத்தில் ஒருநாள் கரண்ட் போனது. இன்வெர்ட்டரும் கைவிட்டது. சர்வர் வேலையின் நடுவில் அப்படியே அணைந்துபோனது. மறுபடி எழுந்தபோது அதன் ஃபைல் சிஸ்டம் சிதைந்திருந்தது. எந்தப் பதிவு வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், எங்கே கிடக்கிறது என்று சர்வர் தனக்குள் வைத்திருக்கும் வழிகாட்டிதான் அது. ஃபோல்டர்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. திறந்தால் உள்ளே ஒன்றும் ஓடவில்லை. தமயந்தியின் ஃபோல்டரும் அப்படித்தான். பெயர் இருந்தது, குரல் இல்லை.

இன்னொரு நகல் இல்லையா என்று கேட்கத் தோன்றும். நகல் எடுத்து வைக்கும் வட்டு அதற்கு முன்பே பழுதாகியிருந்தது. புதிது வாங்க நிர்வாகக் கூட்டம் கூட வேண்டும், அது கூடுகிற வழியைக் காணோம்.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் போன் ஓயவில்லை. "அக்கா, சர்வர் எப்பக்கா வரும்?"

"ரிப்பேர் புரோகிராம் ஓட்டிடலாம் சார்," என்றார் ஜெயசீலி. "நீங்களே உங்க கம்ப்யூட்டர்ல அடிங்க. நான் சொல்றேன். முதல்ல சிஸ்டத்துலருந்து வட்டைப் பிரிக்கணும்."

"ஸ்குரூ டிரைவர் எடுத்துட்டு வரவா டீச்சர்?"

"அதெல்லாம் வேணாம். ஒரு கட்டளை குடுத்தாப் போதும்."

கந்தவேலு அடித்தார். திரை மறுத்தது.

"முடியாதுங்குது டீச்சர். வட்டு உபயோகத்துல இருக்காம்."

"யாரோ உள்ள உக்காந்திருக்காங்க. ஆள் இருக்கறப்போ அது பிரியாது. யாருன்னு கேளுங்க, சொல்லும்."

கேட்டார். திரை ஒரு பெயரைச் சொன்னது. கந்தவேலு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"யாரு சார்?"

"நான்தான்."

"எங்க இருக்கீங்க?"

"அவ ஃபோல்டர்ல."

காலையில் வந்ததும் பழக்கத்தில் திறந்தது. எதுவும் ஓடாது என்று தெரியும். இருந்தாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது. வேறொரு ஜன்னலில் அதை மூடாமலே விட்டிருந்தார்.

ஜெயசீலி சிரிக்கவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை.

"வெளிய வாங்க சார்."

வெளியே வருவதற்கு உண்டான கட்டளை ரொம்பச் சின்னது. அதை அடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வட்டு பிரிந்தது. ரிப்பேர் ஓடத் தொடங்கியது. அது ஒவ்வொரு பழுதாகக் காட்டி, சரி செய்யட்டுமா என்று கேட்டது. அவர் ஆமாம் என்று அடித்தார். அடுத்ததைக் கேட்டது. அதற்கும் ஆமாம் என்றார். கை பழகி, கேள்வியை முழுக்கப் படிக்காமலே அடிக்கிற அளவுக்கு வந்துவிட்டார். அப்போது திரையில் தமயந்தி என்று வந்தது.

கை நின்றது. இங்கிலீஷில் கேட்டிருந்தது. விஷயம் இதுதான்: இந்தப் பெயர் தவறான இடத்தைக் காட்டுகிறது, பெயரை நீக்கிவிடலாமா?

அந்த வருஷத்தில் இந்தக் கேள்வி அவருக்குப் புதிதில்லை. ரேஷன் கார்டில் கேட்டார்கள். கேஸ் இணைப்பில் கேட்டார்கள். பேங்கில் கேட்டார்கள். தாலுகா ஆபீசில் ஒரு பெண் ரொம்பக் கனிவாகக் கேட்டாள், உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தாள். ஒவ்வோர் இடத்திலும் ஆமாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இங்கே ஓர் இடத்தில்தான் அவள் இன்னும் நீக்கப்படாமல் இருந்தாள்.

"என்ன சார், நின்னுடுச்சா?"

"அது நிக்கல டீச்சர். நான்தான் நிக்கறேன்." கேள்வியைச் சொன்னார்.

ஜெயசீலி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இல்லைன்னு அடிச்சா என்ன ஆகும்?"

"வட்டு இன்னும் சரியாகலைன்னு சர்வர் எழுந்திரிக்காது. பிள்ளைங்க காத்துக்கிட்டு இருப்பாங்க."

"ஆமான்னா?"

"பேரு போயிடும். அவங்க படிச்ச பதிவுங்க வட்டுல எங்கயாச்சும் முழுசாக் கிடந்தா, ரிப்பேர் அதைத் தூக்கித் தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு வைக்கும். யாரோடதுன்னு தெரியாததெல்லாம் அங்கதான் வந்து சேரும். வெறும் நம்பர்தான் இருக்கும், பேரு இருக்காது."

"கிடக்குமா?"

"தெரியாது சார். கிடக்கும்னு சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன்."

"பேரை அப்படியே விட்டுட்டுப் பதிவை மட்டும் எடுக்க வழி இல்லையா?"

"இல்ல சார். அந்தப் பேரு வேற எங்கயோ கையைக் காட்டிக்கிட்டு நிக்குது. வேணும்னா அப்புறம் புதுசா ஒரு ஃபோல்டர் போட்டு அதே பேரை வைங்க."

"அது நான் வைக்கற பேரு டீச்சர். இது அவளே இங்க உக்காந்து அடிச்சது."

போன் அடித்தது. ஜெயசீலி எடுத்தார். "வந்துடும்மா. சார் பாத்துக்கிட்டுதான் இருக்கார். நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

கந்தவேலுவுக்கு அந்தப் பிள்ளையின் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. அவருக்குத் தமயந்தி வேண்டும். பொருளாதாரம் வாசித்தாலும் சரி, புள்ளியியல் வாசித்தாலும் சரி, அந்தக் குரல் வேண்டும். அதற்காக இந்தப் பெயரைக் கொடு என்று கேட்கிறது மெஷின். கொடுத்தாலும் குரல் வருமா என்று சொல்லமாட்டேன் என்கிறது.

"டீச்சர், இங்க வாசிக்கறவங்க யாரும் பதிவுல தன் பேரைச் சொல்றதில்லையே. புத்தகம் பேரு, பாடம் பேரு, அதோட சரி."

"ஆமா சார். ஆரம்பத்துலருந்தே அதான் வழக்கம்."

"அப்ப இதையும் எடுத்துட்டா, வாசிச்சது தமயந்தின்னு யாருக்குத் தெரியும்?"

ஜெயசீலி காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பி.ஏ. மூணு வருஷமும் நான் ஒரு அம்மா குரல்லதான் படிச்சேன் சார். பக்கம் திருப்பறதுக்கு முன்னாடி லேசா ஒரு மூச்சு விடுவாங்க. பரீட்சை ஹால்ல பதில் மறந்துபோச்சுன்னா அந்த மூச்சை நெனச்சுக்குவேன். அடுத்த வரி தானா வந்துடும். நான் இங்க வேலைக்குச் சேர்ந்தப்போ அந்த அம்மா வர்றதை நிறுத்திட்டாங்க. நீங்க இங்க வந்த புதுசுல ஒருநாள், என் வீட்டுக்காரி குரலைக் கேளுங்கன்னு ஹெட்போனைக் குடுத்தீங்க. அந்த அம்மா பேரு தமயந்தின்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

கந்தவேலு திரையின் பக்கம் திரும்பினார். ஆமாம் என்று அடித்தார். பிறகு தன்னுடைய ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். அதில் இன்னும் எதுவும் வரவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.