வெற்றுத் தாள் செய்த குற்றம்

மழைக்கு வரி போடாத காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் திண்தோள்வர்மன் என்றோர் அரசர் ஆண்டார். தோள் சுமார்தான், வயிறுதான் ஆண்டுக்கு ஆண்டு எல்லையை விரித்துக்கொண்டே போனது.

கடைத்தெருவில் செங்கோடன் என்ற ஓவியன் கல்லில் படம் வரைந்து, மை தடவி, தாளில் ஒற்றி விற்றுவந்தான். ஒருமுறை, அரசர் ஒரு பல்லக்கிலும் அவர் வயிறு இன்னொரு பல்லக்கிலும் ஊர்வலம் போவதாகப் படம் போட்டான். ஊரே வாங்கிச் சிரித்தது.

அரசர் சீறினார். இனி எந்தப் படத்திலும் தம் உருவம் இருந்தால், வரைந்தவன் கையை வெட்டச் சொன்னார். யோசனை மந்திரி பைரவநாதருடையது.

செங்கோடன் அரண்மனை விகடன் மாடப்பனிடம் ஓடி அழுதான். ஆணையை அப்படியே கடைப்பிடிக்கும்படி மாடப்பன் சொன்னான்.

அடுத்த படத்தில் அரியணை காலி. அதன்முன் மந்திரி மட்டும் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஊர் இன்னும் பலமாகச் சிரித்தது. மந்திரி தம் உருவத்துக்கும் தடை வாங்கினார். பிறகு அரியணைக்கும் வாங்கினார். கடைசியில் செங்கோடன் எதையும் அச்சடிக்காமல் வெறும் தாளையே விற்றான். அதுதான் அதிகம் விற்றது.

மந்திரி அவனைச் சபைக்கு இழுத்துவந்து, வெற்றுத் தாளும் ராஜநிந்தனைதான் என்றார். அப்படியொரு சட்டம் இல்லையே என்று அரசர் தயங்கினார்.

"மன்னா, தங்கள் வாய்ச்சொல் பிறந்த கணமே அது சட்டம். எழுதுவது வெறும் சடங்கு" என்றார் மந்திரி.

அரசர் மனம் குளிர்ந்துபோனார். "அப்படியானால், வெற்றுத் தாள் எவன் கையில் இருந்தாலும் அந்தக் கை வெட்டப்படும். எழுதும், மந்திரியாரே."

மந்திரி ஆவலோடு ஒரு தாளை எடுத்தார்.

மாடப்பன் எழுந்து வணங்கினான். "மன்னா, ஓவியன் வெறுங்கையோடு நிற்கிறான், சரக்கெல்லாம் விற்றுவிட்டது. வெற்றுத் தாள் மந்திரியார் கையில் இருக்கிறது. காவலர் வெட்ட வேண்டியது வலக்கையா, இடக்கையா என்று தாங்கள்தான் அருள வேண்டும்."

மந்திரி தாளை நழுவவிட்டார். குனிந்து எடுக்கவும் பயம். அரசர் அவர் முகத்தைப் பார்த்தார், கோபமாக இருக்க முயன்றார், முடியவில்லை. அரியணை குலுங்கச் சிரித்தார். தடைகளையெல்லாம் நீக்கி, செங்கோடனை விடுவித்து, தம் முத்துமாலையை மாடப்பன் கழுத்தில் போட்டார்.

மந்திரி மட்டும் அந்த மாதம் முழுவதும் தாளைத் தொடாமல் வாயாலேயே நிர்வாகம் செய்தார். நாட்டுக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை.