சுடரின் பாட்டுக்கு எவ்வளவு ரிவெர்ப்

புதுக்கோட்டையில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில், வீட்டிலிருந்தபடியே பாட்டுப் பதிவு செய்வது எப்படி என்று அன்சாரி என்பவர் சொல்லிக்கொடுத்து வந்தார். முப்பத்தைந்து வயது. அதிகம் பேசமாட்டார். அவரிடம் படித்தவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

அவர்களில் ஒருத்தி செண்பகவல்லி. நாற்பத்து மூன்று வயது. அம்மன் பாட்டுகள் பாடி யூடியூபில் போடுகிறவள். படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போர்வைகளைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்கப் பாடிப் பதிவு செய்வாள். எட்டு மாதத்தில் வேலையை நன்றாகவே கற்றிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வகுப்பு இல்லாத நேரத்தில் அவள் மாடியேறி வந்தாள். செருப்பைக் கழற்றியவள் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம்."

"வாங்கக்கா. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை.

"ஒரு குரலுக்கு ரிவெர்ப் எவ்வளவு போடலாம்?"

ரிவெர்ப் என்பது, பதிவு செய்த குரலுக்குக் கம்ப்யூட்டரில் சேர்க்கிற முழக்கம். சின்ன அறையில் பாடியதைக் கல்மண்டபத்தில் பாடியதுபோல ஆக்கிவிடும். அதைப் பற்றி அன்சாரி ஒரு மாதம் பாடம் நடத்தியிருந்தார். செண்பகவல்லிக்குத் தெரியாத விஷயமில்லை.

"யார் குரலுக்கு?" என்று கேட்டார்.

"பொதுவாத்தான் கேட்டேன்."

அன்சாரி அவள் கையைப் பார்த்தார். உள்ளங்கைக்குள் ஒரு பென்டிரைவை இறுக்கிப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதை நீட்டினாள்.

"எம்பொண்ணு பாடினது. சுடர்."

சுடருக்குப் பத்தொன்பது வயது. பிறக்கும்போதே மேலுதடும் அண்ணமும் பிளந்திருந்தன. இரண்டு ஆபரேஷனில் உதடு சேர்ந்தது, பேச்சும் வந்தது. ஆனால் குரல் மூக்கு வழியே கசிந்தது. அவள் 'ப' என்றால் கேட்பவர் காதில் 'ம' என்று விழும். ஐந்தாம் வகுப்பில் எழுந்து நின்று 'பாட்டு' என்று சொன்னவளை, வருடம் முடியும்வரை 'மாட்டு' என்றே கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு வெளியிடத்தில் அவள் பேசவேண்டியதையெல்லாம் செண்பகவல்லியே பேசினாள்.

போன வாரம் அந்தப் பெண், தானே ஒரு பாட்டு எழுதியிருப்பதாகவும் அதைப் பதிவு செய்து தரவேண்டும் என்றும் கேட்டாள். செண்பகவல்லிக்கு மறுக்க வாய் வரவில்லை.

அன்சாரி பாட்டை ஓடவிட்டார்.

அறை முழுக்க முழக்கம் நிறைந்தது. ஒரு சொல் முடியுமுன் அதன் வால் அடுத்த சொல்லின்மேல் விழுந்தது. நடுவில் எங்கோ ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். மெட்டு நன்றாக இருந்தது.

பாட்டு முடிந்தது. அன்சாரி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"மறுபடி போடுறேன். பாட்டை எழுதுங்கக்கா."

"எதுக்கு மாஸ்டர்?"

"எழுதுங்க."

அவள் உட்கார்ந்து எழுதினாள். முதல் வரியை எழுதினாள். இரண்டாவது வரியில் பாதி. பேனா நின்றது. அவர் நிறுத்தித் திரும்பப் போட்டார். மூன்று முறை போட்டார். தாளில் அதற்குமேல் ஒன்றும் ஏறவில்லை.

"கேக்கல மாஸ்டர்."

"நீங்கதானே ரெக்கார்ட் பண்ணீங்க?"

"ஆமா."

"பக்கத்துல இருந்துதானே?"

"ரெண்டு முழம் தள்ளி. ஹெட்போன் மாட்டியிருந்தேன்."

"எத்தனை தடவை பாடுச்சு?"

"நாலு தடவை."

"அப்பவும் கேக்கலையா?"

செண்பகவல்லி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு தடவையும் கேட்டதென்னவோ உண்மைதான். ஒவ்வொரு 'ப' வரும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். இந்த இடத்தில் மூக்கு, இந்த இடத்தில் மூக்கு என்று எண்ணிக்கொண்டே கேட்டாள். வார்த்தை என்னவென்று ஒரு தடவைகூடக் காதில் வாங்கவில்லை.

"கம்பீரமா இருக்கட்டும்னுதான் கொஞ்சம் தூக்கலா..." என்று ஆரம்பித்தாள்.

அன்சாரி தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவளுக்கே சொன்னதைத் தொடர முடியவில்லை.

"மறைக்கத்தான் மாஸ்டர்."

சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை ஒன்றும் இல்லை.

"சொந்தக்காரங்க குரூப்புல போட்டேன். என் நாத்தனார் பேசி அனுப்புனா. 'அண்ணி, நம்ம சுடரா பாடுனது? அந்தக் குறையே தெரியல'ன்னு. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன் மாஸ்டர். அவ்வளவு சந்தோஷம். அப்புறம்தான் அவளைக் கூப்பிட்டுப் பாட்டைப் போட்டுக் காட்டினேன்."

"என்ன சொல்லுச்சு?"

"முழுசாக் கேட்டா. 'நல்லாருக்கும்மா, யாரு பாடுறா?'ன்னா. காய்ஞ்ச துணி கிடந்துச்சு, போய் மடிக்க ஆரம்பிச்சுட்டா."

கீழே மார்க்கெட்டில் யாரோ தக்காளி விலையைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அன்சாரி ஜன்னலைச் சாத்தினார்.

"ஒண்ணும் போடாத பதிவு இருக்கா?"

"அதே பென்டிரைவுல இருக்கு. ஆனா அது வேண்டாம் மாஸ்டர். வெளி ஆளுங்க யாரும் இன்னும்..."

வெளி ஆளுங்க யாரும் இன்னும் கேட்டதில்லை என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டாள்.

அன்சாரி அந்தப் பதிவைப் போட்டார்.

குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. மூச்சு இழுப்பது கேட்டது. மூக்கு கேட்டது. செண்பகவல்லி பேனாவை எடுத்து எழுதினாள்.

'கடையில என்னைக் கேட்டாங்க, என்ன வேணும்னு.
பஸ்ஸுல என்னைக் கேட்டாங்க, எங்க போகணும்னு.
பேரு என்னன்னு என்னைத்தான் கேட்டாங்க.
நின்னுட்டே இருக்கேன் அம்மா,
உன் மதிலுக்குப் பின்னால.'

எழுதிவிட்டுப் பார்த்தாள். எந்த மதில்? அவர்கள் வீட்டுக்கு மதிலே கிடையாது. முள்வேலிதான்.

பிறகு புரிந்தது. அது மதில் இல்லை. பதில்.

அடித்துத் திருத்தப் பேனாவைக் கொண்டுபோனாள். கை அந்தச் சொல்லின்மேலேயே நின்றது. அடிக்கவில்லை. தாளை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்சாரியின் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்தாள்.

கதவுவரை போனவள் திரும்பாமலே கேட்டாள்.

"எவ்வளவு போடணும்னு நீங்க சொல்லவே இல்லையே மாஸ்டர்."

"பாடினவங்களைக் கூட்டிட்டு வாங்கக்கா."

வீட்டுக்குப் போனபோது சுடர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி எதிரே தரையில் உட்கார்ந்தாள். சொல்லவேண்டியதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். தாளை எடுத்துக் கொடுத்தாள்.

"உன் பாட்டு. சரியா எழுதியிருக்கேனா பாரு."

சுடர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கடைசி வரியில் அவள் கண் நின்றது. அம்மாவை ஒருமுறை பார்த்தாள். தாளைத் திருப்பிக் கொடுக்காமல் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"மாஸ்டர் நாளைக்கு உன்னை வரச்சொன்னாரு."

"என்னையா?"

"உன்னைத்தான்."

இருவரும் கீரையை உருவி முடித்தார்கள். இடையில் செண்பகவல்லி ஒருமுறை, "கோவமா?" என்று கேட்டாள். சுடர் தலையை ஆமாம் என்று ஆட்டினாள். ஆட்டிவிட்டு, அம்மா பக்கம் இருந்த காம்புகளையும் பொறுக்கித் தட்டில் போட்டாள்.

மறுநாள் காலை இருவரும் மாடியேறினார்கள். சுடர் துப்பட்டாவை வாயருகே பிடித்தபடி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அன்சாரி பதிவைத் திறந்து வைத்துவிட்டுத் தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"ரிவெர்ப் எவ்வளவு வேணும்மா?"

"அவளுக்கு அதெல்லாம்..." என்று செண்பகவல்லிக்கு வார்த்தை வந்துவிட்டது. பாதியில் விழுங்கினாள். இருமலாக்கினாள்.

அன்சாரி அவள் பக்கம் திரும்பவில்லை. காத்திருந்தார். யார் எது கேட்டாலும் அம்மாவைப் பார்த்தே பழகிய சுடர், இப்போதும் ஒருமுறை பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்து செண்பகவல்லிக்குப் பழக்கமில்லை. கை விரல்களைக் கோத்து மடியில் அழுத்திக்கொண்டாள்.

"சுத்தமா எடுத்துட வேண்டாம் சார்," என்றாள் சுடர். "எங்க வீட்டு பாத்ரூம் அளவுக்கு வையுங்க."

"பாத்ரூமா?"

"அங்கதான் பாடுவேன். அம்மா கதவைத் தட்டுறவரைக்கும்."

செண்பகவல்லி நிமிரவில்லை. கதவைத் தட்டியது அவளுக்கு நினைவிருந்தது. 'போதும், வெளிய வா, பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்போகுது' என்று சொன்னதும் நினைவிருந்தது. ஒருநாள் இரண்டுநாள் இல்லை.

அன்சாரி திரையில் அந்த அளவைக் கொஞ்சம் ஏற்றினார். சுடர் தலையசைத்தாள். இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னாள். அவர் இறக்கினார். துப்பட்டா அவள் கையிலிருந்து எப்போது மடிக்கு வந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

"இதான் சார்."

பாட்டு முதலிலிருந்து ஓடியது. தண்ணீர் வாளி இருக்கிற சின்ன அறையின் ஈரமான முழக்கம், குரலைச் சுற்றி ஒரு விரல் பருமனுக்கு மட்டும் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் அவள் சொன்னபடியே வந்தது. கடை வந்தது. பஸ் வந்தது. கடைசி வரி வந்தது.

முடிந்ததும் செண்பகவல்லி வாயைத் திறந்தாள்.

"இவ்வளவு கம்மியா வச்சா எல்லாம் அப்படியே கேக்குதே மாஸ்டர்."

அன்சாரி அன்று முதன்முறையாக அவள் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குக் கேக்குதாக்கா?"

"கேக்குது."

"அப்ப போதும்."