சடையனுக்கு எல்லாம் ரெண்டு

ஆத்து நடுவுல ஒரு திட்டு. அதுல ஒரு குரங்குக் கூட்டம். தலைவன் பேரு சடையன். அவன் பொண்டாட்டி வெள்ளச்சி. அவ வயித்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரு கைக்குட்டி.

சடையனுக்குப் பலம் ஜாஸ்தி, யோசனை கம்மி. இல்லேன்னா பலாப்பழத்துக்கு நேர் கீழ நின்னுக்கிட்டு அதையே பிடிச்சு இழுப்பானா?

தொம்! பழம் தலையில விழுந்துச்சு. பழத்துக்கு ஒண்ணும் ஆகல.

மயங்கிக் கிடந்தவன் எந்திரிச்சான். அப்புறம்தான் கூத்து! ஒத்தைக் காக்காவைப் பாத்து, "ரெண்டு பேரும் எங்க கிளம்பிட்டீங்க?"ன்னான். சுளையைத் தின்னுட்டு, கொட்டையைக் கையில வச்சுக்கிட்டே, "என் இன்னொரு சுளையை எவன்டா தின்னது?"ன்னு சண்டைக்குப் போனான்.

"யோவ், கண்ணு சரியாத் தெரியலையா?"ன்னு கேட்டா வெள்ளச்சி.

"எனக்கா? முன்னைவிட அதிகமாவே தெரியுது!"

உண்மையைச் சொன்னா தலைவர் பதவி போயிடுமேன்னு பயம் அவனுக்கு.

அந்த நேரம் பாத்து ஆத்துல வெள்ளம் வந்துச்சு. திட்டு கரையுது. குரங்குங்க இருந்த மரம் சாயுது. அக்கரை மரத்துக்குத் தாவியே ஆகணும். அந்தக் கூட்டத்துல ஒரு வழக்கம். தலைவன் எந்தக் கிளைக்குத் தாவுறானோ, அதே கிளைக்குத்தான் எல்லாரும் தாவணும்.

சடையன் நுனிக்குப் போனான். எதிர்ல ஒரு கிளைதான் நீட்டிக்கிட்டு இருக்கு. அவனுக்குத் தெரிஞ்சது ரெண்டு!

கீழ ஒரு முதலை வாயைப் பொளந்துக்கிட்டு, "தலைவரே, உங்க கண்ணு மாதிரி வருமா? தயங்காமத் தாவுங்க!"ன்னுச்சு.

சடையன் ஒரு தடவை திரும்பி வெள்ளச்சியைப் பாத்தான்.

"ஏய்! இன்னொரு குட்டி எப்படி பெத்த?"

"ஒண்ணுதான்யா இருக்கு! உனக்கு என்ன ஆச்சு?"

சடையன் குட்டியைப் பாத்தான், கீழ முதலையைப் பாத்தான். 'நான் தப்பாத் தாவுனா, இந்தக் குட்டியும்ல சேந்து முதலை வாய்க்குள்ள போகும்!'

"எல்லாரும் கேளுங்க! பலாப்பழம் விழுந்ததுலேருந்து எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. என் பின்னால வராதீங்க! வெள்ளச்சி, நீ முன்னால போ!"

"இதை அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"ன்னு திட்டிக்கிட்டே வெள்ளச்சி தாவுனா. பின்னாலயே கூட்டம் மொத்தமும் தாவிடுச்சு. சடையன் மட்டும் பாக்கி. மரம் கடகடன்னு சரியுது.

அக்கரையிலேருந்து வெள்ளச்சி கத்துனா. "கண்ணை மூடுய்யா! என் சத்தத்தைக் கேட்டுத் தாவு!"

"இங்க வாங்க தலைவரே, இங்க!"ன்னு முதலையும் கத்துச்சு.

"வாய்யா, பலாப்பழ மண்டையா!"ன்னு திட்டுனா வெள்ளச்சி.

ஆளு ரெண்டாத் தெரிஞ்சாலும் குரல் ஒண்ணுதானே! எத்தனை வருஷமா திட்டு வாங்குன குரல், அதுவா தப்பும்? கண்ணை மூடிக்கிட்டுத் தாவுனான். வெள்ளச்சி கப்புன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டா. முதலைக்குக் கிடைச்சது வெறும் தண்ணி.

அப்புறம் சடையன் ஒரு மரத்தடியில சும்மா கிடந்து தேறுனான். கூட்டத்தை வெள்ளச்சி பாத்துக்கிட்டா. ரொம்ப நாள் கழிச்சு அந்தக் காக்கா வந்துச்சு. சடையன் அதை மேலயும் கீழயும் பாத்துட்டுக் கேட்டான்:

"என்னப்பா, உன் கூட்டாளியைக் காணோம்?"

தலையில அடிபட்டா கெத்தா மறைக்காம உடனே வாயைத் திறந்து சொல்லிடணும், இல்லேன்னா நம்மளை நம்பி வர்றவங்களும் சேந்து விழுவாங்க.