கனகாம்பரம் கொடுத்த மணம்

பூக்களுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கோட்டை மதிலை ஒட்டிய நெருக்கமான தெருவொன்றில் உமையாள் என்ற பாட்டுக்காரி இருந்தாள். தனிக்கட்டை. கையகல முற்றத்தில், விளிம்பு உடைந்த பானைகளில் பூச்செடி வளர்த்தாள். பருவத்தின் முதல் பூவைக் கண்டதும் அவளுக்குப் பாட்டு வரும். அதைக் கேட்டுத்தான் அந்தத் தெரு பருவம் மாறியதை அறியும்.

அப்போது மல்லிகைக்கு மணம் கிடையாது. மணமெல்லாம் கனகாம்பரத்திடம்தான்.

ஒரு தை மாதம் ஊரில் அம்மை கண்டது. உமையாள் பிழைத்தாள், பார்வை போயிற்று. பங்குனியில் மல்லிகை மலர்ந்தபோது பக்கத்து வீட்டு மாரக்காள் வந்து சொன்னாள்: "மல்லிகை பூத்திருக்கு உமையா. ஒரு பாட்டுப் பாடேன்."

"நீ சொல்லி நான் பாடினால் அது உன் பாட்டு அக்கா. தொட்டுப் பார்த்தால் பூ கசங்கிப் போகிறது. எனக்கு எட்டுவது இந்தக் கனகாம்பர வாசனை ஒன்றுதான். அது வருஷம் முழுக்க வீசுகிறது. எனக்கு எல்லா நாளும் ஒரே நாளாகிவிட்டது."

இதைக் கேட்ட கனகாம்பரத்துக்கு மனசு பொறுக்கவில்லை. மல்லிகைப் பருவம் முடிகிற சமயத்தில் அது மல்லிகையிடம் கேட்டது: "நீ வருஷத்தில் ஒரு பருவம்தானே வருகிறாய். என் மணத்தை நீ எடுத்துக்கொள்வாயா?"

"கொடுத்தால் திரும்பாது. யோசித்தாயா?" என்றது மல்லிகை.

"யோசித்தேன்."

கனகாம்பரம் தலைசாய்த்து, இருந்த மணம் அத்தனையையும் மல்லிகையின் வேரில் இறக்கியது. மணத்தோடு அதன் குரலும் போயிற்று.

மறுநாள் முற்றத்தில் வாசனையே இல்லை. உமையாள் பானை பானையாகத் தடவிக்கொண்டே போனாள். "நீயும் செத்துப்போனாயா?" என்று கனகாம்பரத்தின் அருகில் உட்கார்ந்து அழுதாள். குரல் போன கனகாம்பரத்தால் பதில் சொல்ல முடியவில்லை; பருவம் முடிந்த மல்லிகையும் உறங்கிப்போயிருந்தது. மழைக்காலமும் பனிக்காலமும் அவளுக்கு அப்படியே வெறுமையாகக் கழிந்தன.

பங்குனியில் ஒரு சாயங்காலம், அடுப்படியில் இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். பழகிய மணம். ஆனால் வருவது வேறு மூலையிலிருந்து. சுவரைப் பிடித்தபடி போய் மல்லிகையின் முன் நின்றாள்.

"இது உன்னுடையதில்லையே" என்றாள்.

"அவள் தந்தாள்" என்றது மல்லிகை. "பருவம் வந்தால் உனக்குத் தெரியட்டும் என்று."

உமையாள் குனிந்து பூவை முகர்ந்தாள். பிறகு மெல்லப் பாடினாள்:

"வெயில்வரும் வழியெல்லாம் வெள்ளை விரித்தவளே,
உன்னை நான் கண்டுகொண்டேன்."

தெருவில் நடந்தவர்கள் நின்று கேட்டார்கள். மாரக்காள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பாட்டு முடிந்ததும் உமையாள் இரண்டு செடியிலும் பூப் பறித்து ஒரே நாரில் தொடுத்தாள். "தந்தவளை விட்டுவிட்டு வாங்கியவளை மட்டும் நான் சூடமாட்டேன் அக்கா" என்றாள்.

அன்று தொட்டுத்தான் கனகாம்பரம் மணமில்லாமல் பூக்கிறது. பெண்கள் அதை மல்லிகையோடு சேர்த்துத் தொடுத்துச் சூடுகிறார்கள்.